ஏழு நாள் பந்தயமும் மூவகைத் தவமும்

ஜெனீவாவில் இருந்து நீஸ் நகரத்துக்குக் காரில் போக ஒரு பகல் போதும். 2011இல் சில நூறு பேர் அதே இரண்டு ஊர்களுக்கு இடையே ஏழு நாள் எடுத்துக்கொண்டார்கள். நேர்வழி இருக்க, ஆல்ப்ஸ் மலையின் உயரமான கணவாய்களைத் தேடித் தேடிச் சைக்கிளில் ஏறினார்கள். ஏறியதை எல்லாம் இறங்கினார்கள். மறுநாள் விடிந்ததும் திரும்ப ஏறினார்கள். பெரும்பாலோர் சைக்கிளால் ஒரு காசும் சம்பாதிக்காதவர்கள். விடுப்புப் போட்டு, கட்டணமும் கட்டி வந்தவர்கள். ஓட் ரூட் என்ற அந்தப் பந்தயம் பின்னர் பிரனீஸ் மலைக்கும் டோலமைட் மலைக்கும் பரவியது.

அதுவரை பலநாள் பந்தயம் என்றால் அது தொழில்முறை வீரர்களுடைய உலகம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். சாதாரண ஓட்டிகளுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஒரு நாள்தான். 1982இல் தொடங்கிய மர்மோத், 174 கிலோமீட்டரில் 5,000 மீட்டர் ஏற்றத்தை அடக்கி ஆல்ப் துவேஸ் உச்சியில் முடியும். 1993இல் வந்த எடாப் டு டூர், டூர் டி பிரான்ஸின் ஒரு கட்டத்தை அப்படியே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இப்போது தேர்ந்தெடுக்க நிறைய இருக்கிறது. ஆல்ப்ஸைக் குறுக்காகக் கடந்து இத்தாலிக்குப் போகும் டூர் டிரான்ஸால்ப் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக், மலைப்பாதை சைக்கிளுக்கானது, எட்டு நாள். சிங்கப்பூரில் இருந்து படகேறிப் போனால் இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் சில நாள் பந்தயம். நம் பக்கத்திலேயே நீலகிரி இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். காலிபியே 2,642 மீட்டர், ஸ்டெல்வியோ 2,757 மீட்டர் என்ற எண்களும், தொலைக்காட்சியில் பார்த்த வளைவுகளும், சென்று வந்த நண்பரின் படங்களும் போதுமான காரணங்களாகத் தோன்றுகின்றன. பயிற்சியாளர்கள் தருகிற அறிவுரையும் தூரம், ஏற்றம், கியர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. அவை தேவைதான். ஆனால் ஒரு வாரம் முழுக்கத் தன் உடலை வருத்திக்கொள்ள ஒருவர் பணம் கட்டும்போது, அதற்கு முன் வைக்கப்பட வேண்டிய கேள்வி வேறு. தேவையே இல்லாத துன்பத்தைத் தேடிப் போவது எப்போது மனிதரை உயர்த்துகிறது, எப்போது வெறும் வீண் வருத்தமாகிறது? துறவிகளும் தத்துவவாதிகளும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. இதற்குப் பதில் தேடாதவருக்கு எந்தப் பந்தயம் பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ் 1978இல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்ற நூலை வெளியிட்டார். விளையாட்டு என்றால் என்ன என்பதற்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது: தேவையில்லாத தடைகளைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வது. கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். அப்படிச் செய்யாமல் கம்பால் அடித்துத்தான் போட வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும்போதே விளையாட்டு பிறக்கிறது. நீஸ் போய்ச் சேருவதும் அப்படித்தான். அங்கே சேருவதற்காக யாரும் பந்தயத்தில் சேருவதில்லை. கடினமான வழியில்தான் சேருவேன் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இதை ஏற்றால் தேர்வின் முறையே மாறிவிடும். மலை எல்லோருக்கும் பொதுவானது; காலிபியே கணவாய்க்கு எந்தக் கோடையிலும் தனியாகப் போய் ஏறலாம், கட்டணம் கிடையாது. பந்தயம் தருவது அந்த மலைமேல் விரிக்கப்பட்ட விதிகளை. எங்கே கடிகாரம் ஓடும், எங்கே நிற்கும், யாரோடு ஓட்ட வேண்டும், எத்தனை மணிக்குள் வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்பவைதான் அந்த ஏழு நாளின் குணத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே அழகான மலைப்படங்கள் இருக்கும் பக்கத்தைவிட விதிமுறைகள் இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மர்மோத் போட்டியில் கிளாண்டன் கணவாயின் இறக்கத்தில் நேரம் கணக்கிடப்படுவதில்லை. அங்கே நடந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. ஓட் ரூட்டிலும் அபாயமான இறக்கங்களைக் கடிகாரத்துக்கு வெளியே வைப்பது உண்டு. ஏற்றத்தில் மட்டும் போட்டி, இறக்கத்தில் நிதானம் என்ற இந்த ஒரு விதி, ஓட்டியின் மனத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். உச்சியில் நின்று தண்ணீர் நிரப்பலாம், பின்னால் வரும் நண்பருக்காகக் காத்திருக்கலாம், பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். உயிரைப் பணயம் வைத்து நொடிகளை மிச்சப்படுத்தும் ஆசைக்கு அங்கே இடமே இல்லை. கடிகாரம் இடைவிடாமல் ஓடும் பந்தயத்தில் அதே மனிதர் அதே வளைவில் வேறு மனிதராக இருப்பார். வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ளவர் இந்த இரண்டு வகையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அறம் சார்ந்த முடிவு.

இன்னொரு விதி பலருடைய கவனத்துக்கே வருவதில்லை: இரவு. பலநாள் பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் முடிவடைகிறது. முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் அன்றிரவு தூங்கியே ஆக வேண்டும். மறுநாள் குறித்த நேரத்துக்கு முன் யாரும் கிளம்ப முடியாது. இதோடு பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸை ஒப்பிடலாம். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அந்த 1,200 கிலோமீட்டர் ஓட்டம் இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 90 மணி நேரம் வரை தருகிறார்கள், தரவரிசை இல்லை. இந்தியாவில் இருந்து மட்டும் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரவே ஓட்டங்களை முடித்துத் தகுதி பெறுகிறார்கள். அங்கே யாரையும் வெல்ல வேண்டியதில்லை. ஆனால் எப்போது தூங்குவது என்பதை ஓட்டிதான் முடிவு செய்ய வேண்டும், கடிகாரம் அவருக்காக நிற்காது. பலநாள் பந்தயத்திலோ பிறரோடு போட்டி உண்டு, ஓய்வும் கட்டாயம். பெருமையை அடக்கத் தெரியாதவருக்குப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நல்லது. நிறுத்தத் தெரியாதவருக்குப் பலநாள் பந்தயம்.

இங்கே கீதையின் பதினேழாம் அத்தியாயம் துணைக்கு வருகிறது. தவம் என்றாலே உயர்ந்தது என்று கீதை சொல்வதில்லை. அதை மூன்றாகப் பிரிக்கிறது. பலனில் ஆசை வைக்காமல், சிரத்தையோடு செய்வது சாத்வீகத் தவம். பிறர் மதிப்பையும் பாராட்டையும் எதிர்பார்த்து, ஆடம்பரத்துக்காகச் செய்வது ராஜசம், அது நிலைக்காது. மூடப் பிடிவாதத்தால் தன்னை வதைத்துக்கொண்டோ, பிறரைக் கெடுக்கும் எண்ணத்தோடோ செய்வது தாமசம். செயல் ஒன்றாகவே இருக்கலாம். அதைச் செய்பவரின் மனம் அதை மூன்றில் ஒன்றாக்குகிறது. ஒரே மலையில், ஒரே நாளில், ஒரே வேகத்தில் ஏறும் மூன்று பேர் மூன்று வகைத் தவத்தில் இருக்கலாம்.

இந்தப் பிரிவினை சைக்கிள் பந்தயத்துக்காகச் சொல்லப்பட்டது இல்லை. என்றாலும் பதிவு செய்யும் முன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது. முடித்தவர்களுக்கு மட்டும் தரும் சட்டைக்காகவா? திரும்பி வந்து அலுவலகத்தில் சொல்வதற்காகவா? அந்த ஆசை தவறு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. எல்லோருக்கும் அதில் கொஞ்சம் இருக்கும். ஆனால் அதுவே முழுக் காரணமாக இருந்தால், நான்காம் நாள் மழையில், ஐந்து டிகிரி குளிரில், அது ஓட்டியைக் காப்பாற்றாது. நிலைக்காது என்று கீதை சொல்வதை அங்கே உடம்பே சொல்லிவிடும்.

ராஜசத் தவம் எங்கே போய் முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2012இல் நியூயார்க்கில் நடந்த கிரான் ஃபோண்டோ போட்டியில் தொழில்முறை அல்லாத இரண்டு ஓட்டிகள் இபிஓ என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியது சோதனையில் தெரிந்தது. வாழ்க்கைத் தொழிலோ ஒப்பந்தமோ பணயத்தில் இல்லாத ஒரு போட்டி. பிறர் கண்ணில் பெரியவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசைக்கு அதுவே போதுமான களமாக இருந்திருக்கிறது.

அதைவிடத் துயரமான கதை வென்டூ மலையில் இருக்கிறது. 1967 ஜூலை 13ஆம் தேதி, டூர் டி பிரான்ஸின் பதின்மூன்றாம் கட்டத்தில், பிரிட்டனின் டாம் சிம்ப்சன் உச்சிக்குச் சற்றுக் கீழே சரிந்து விழுந்து இறந்தார். கொளுத்தும் வெயில், ஆம்ஃபெட்டமின், மது, தாங்க முடியாத உழைப்பு எல்லாம் சேர்ந்து அவரைக் கொன்றன. அவர் விழுந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஏறிப் போகும் ஓட்டிகள் தண்ணீர்ப் புட்டிகளையும் தொப்பிகளையும் அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த மரியாதை நியாயமானதுதான். ஆனால் சிலர் அவருடைய சாவையே வீரத்தின் எல்லையாகப் பேசுவதை ஏற்க முடியாது. உடம்பு தரும் எச்சரிக்கையை மருந்தால் வாயடைப்பது வீரம் ஆகாது. சிம்ப்சன் ஒரு கொடிய ஏற்பாட்டுக்குள் சிக்கியிருந்த தொழிலாளி. விடுமுறைக்கு வந்தவர் அவரைப் பின்பற்ற எந்தக் காரணமும் இல்லை.

உடலை வதைப்பது ஞானத்துக்கு வழி இல்லை என்பதைப் புத்தர் தம் அனுபவத்தில் கண்டார். ஆண்டுக்கணக்கில் கடும் நோன்பு இருந்து எலும்பும் தோலுமான பிறகு, சுஜாதை என்ற பெண் தந்த பால்சோற்றை உண்டார். கூட இருந்த ஐவர் அவரை விட்டு விலகினார்கள். பிற்காலத்தில் சோணர் என்ற சீடர், பாதம் வெடித்து ரத்தம் வரும் அளவுக்கு நடைத் தியானம் செய்து, பலன் இல்லையே என்று மனம் தளர்ந்தார். அவர் துறவுக்கு முன் வீணை வாசித்தவர். நரம்பை மிகையாக முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை வருமா என்று புத்தர் அவரிடம் கேட்டதாகப் பாலி நூல் சொல்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயமும் அளவைத்தான் பேசுகிறது: மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகையாகத் தூங்குபவனுக்கும் தூங்காமல் விழித்திருப்பவனுக்கும் யோகம் இல்லை.

பலநாள் பந்தயம் இந்தப் போதனையைச் சோதித்துப் பார்க்கும் களம். தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் ஒரு நீண்ட மலைநாளில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். திரும்ப நிரம்ப ஒரு நாள் அளவுக்கு நேரமும் நிறைய மாவுச்சத்தும் வேண்டும். அடுத்த கட்டமோ பதினைந்து, பதினாறு மணி நேரத்தில் தொடங்கிவிடுகிறது. அதனால் ஓட்டும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இறங்கியதும் சாப்பிட வேண்டும். சீக்கிரம் படுக்க வேண்டும். மூன்றாம், நான்காம் நாளில் பலருக்கு இதயத் துடிப்பு முன்போல மேலே ஏறாது, பசி மந்தமாகும், தூக்கம் கலையும். முதல் நாள் முழு வேகத்தில் ஏறித் தரவரிசையில் நூறு பேரை முந்தியவர், அந்த நூறு பேரும் நான்காம் நாள் தம்மைக் கடந்து போவதைப் பார்ப்பார். ஒரு நாள் போட்டியில் அளவு மீறுவதற்கான விலையை மறுநாள் படுக்கையில் கிடந்து கட்டலாம். இங்கே மறுநாளும் ஏற வேண்டும். நிதானத்தை ஒழுக்கமாகப் பழக விரும்புகிறவருக்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது கடினம்.

அப்படியானால் யாருக்கு எத்தனை நாள் தகும்? இதில் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. பதிவு செய்கிறவர் ஒருவர். ஐந்தாம் நாள் காலையில் வீங்கிய கையோடு கண்ணாடி முன் நிற்கப் போகிறவர் இன்னொருவர். ஜனவரியில் சாய்வு நாற்காலியில் இருப்பவருக்கு அந்த இன்னொருவரை அறிய வழி இல்லை. அமெரிக்கத் தத்துவவாதி எல். ஏ. பால் 2014இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட தேர்வுகளைத்தான் ஆராய்ந்தார். குழந்தை பெற்றுக்கொள்வது போன்ற சில அனுபவங்கள் எப்படி இருக்கும் என்பதை அவற்றுக்குள் போகாமல் அறிய முடியாது. போன பிறகு நம் விருப்பங்களே மாறிவிடலாம். அப்படியிருக்க நன்மை தீமைகளைக் கூட்டிக் கழித்து முடிவெடுப்பது எப்படி என்று அவர் கேட்டார். அவருடைய பதில்: இன்பம் எவ்வளவு, துன்பம் எவ்வளவு என்று கணக்குப் போட முடியாத இடத்தில், தன்னில் வெளிப்படப்போகும் புதிய மனிதரை அறிய விரும்புகிறோமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆழமான பதில்தான். ஆனால் பலநாள் பந்தயத்துக்கு அது முழுக்கப் பொருந்தவில்லை. குழந்தையைச் சிறிதளவு பெற்றுப் பார்க்க முடியாது. தொடர்ந்து ஓட்டுவதைச் சிறிதளவு செய்து பார்க்க முடியும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து மணி நேரம் மலையில் ஓட்டிவிட்டுத் திங்கள்கிழமை விடியலில் திரும்பச் சைக்கிள் ஏறுகிறவருக்கு, அந்தத் திங்கள்கிழமையின் முதல் அரை மணி நேரத்திலேயே நிறையத் தெரிந்துவிடும். வென்டூ மலையைச் சுற்றி ஓட் ரூட் நடத்திய மூன்று நாள் பந்தயம் போன்றவையும் இதற்காகவே பயன்படும். வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி என்று நான்கையும் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்கிறது திருக்குறளின் வலியறிதல் அதிகாரம். அரசனுக்குச் சொன்ன அந்த நான்கும் இங்கே அப்படியே இருக்கின்றன. முதலாவதை வரைபடத்தில் படிக்கலாம். இரண்டாவதை அறிய அந்தத் திங்கள்கிழமை வேண்டும்.

வென்டூ என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் நகர முடியாது. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், 1336 ஏப்ரல் 26ஆம் தேதி தம் தம்பி கெரார்தோவோடு அந்த மலையில் ஏறியதாக ஒரு கடிதத்தில் எழுதினார். மலோசென் என்ற ஊரில் இருந்து கிளம்பினார்கள். இன்றும் சைக்கிளில் வென்டூ ஏறும் மூன்று சாலைகளில் ஒன்று அங்கேதான் தொடங்குகிறது. வழியில் ஒரு முதிய ஆட்டிடையர், தாம் ஐம்பது ஆண்டுக்கு முன் ஏறி வருந்தியதைச் சொல்லித் தடுத்தார். தம்பி செங்குத்தான முகட்டு வழியில் நேராக ஏறினார். பெட்ரார்க் சுலபமான வழி தேடிப் பள்ளங்களில் சுற்றினார். சுற்றச் சுற்றத் தூரம் கூடியது, களைப்பும் கூடியது. உச்சியில் அகஸ்டின் எழுதிய ‘ஒப்புதல்கள்’ நூலைத் திறந்தார். மனிதர்கள் மலைகளையும் கடலையும் வியக்கப் போகிறார்கள், தங்களை மறந்துவிடுகிறார்கள் என்ற கருத்து உள்ள பக்கம் கண்ணில் பட்டது. அதன் பிறகு இறங்கி முடியும் வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லையாம்.

கடிதத்தைப் பெட்ரார்க் பல ஆண்டுகள் கழித்துத் திருத்தி எழுதியிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதற்குள் கெரார்தோ கார்தூசியத் துறவியாகிவிட்டிருந்தார். நேர்வழியில் ஏறிய தம்பி, சுற்றி அலைந்த அண்ணன் என்ற சித்திரம் அந்தப் பின்னறிவோடு தீட்டப்பட்டது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் மலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பெதுவான் ஊரில் இருந்து 21 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம் ஏறி வருகிறவர் உச்சியில் எதைப் பார்க்கப் போகிறார்? கைப்பிடியில் மாட்டிய சிறு திரையில் ஓடும் எண்களையா? அகஸ்டினுடைய கண்டிப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மலையை வியப்பதும் தன்னை அறிவதும் பகைகள் இல்லை. மூச்சு முட்ட ஏறும் இரண்டு மணி நேரத்தில் மனிதர் தன் பொறுமையின்மையை, பொறாமையை, பயத்தை மிக அருகில் பார்க்கிறார். அதைப் பார்க்க அவருக்கு அவகாசம் தரும் பந்தயமா என்பதுதான் கேள்வி.

குறள் சொன்ன துணையின் வலிமைக்கு வருவோம். டூர் டிரான்ஸால்ப் இருவர் சேர்ந்து ஓட்டும் பந்தயமாகத்தான் தொடங்கியது. கேப் எபிக்கில் இன்றும் அணி என்றால் இரண்டு பேர். ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது, விழுந்தால் தண்டனை. இந்த விதியில் உள்ள அறிவு வியக்க வைக்கிறது. வலுவானவரின் வலிமைக்கு அங்கே தனி மதிப்பே இல்லை. அவர் எதிர்க்காற்றில் முன்னால் நின்று காற்றை வாங்கிக்கொள்ளலாம், தண்ணீரைச் சுமக்கலாம், மேட்டில் முதுகில் கை வைத்துத் தள்ளலாம். முந்திப் போக முடியாது. மெலிந்தவருக்கு இன்னும் கடினமான பாடம்: உதவியை வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வது. தனியாக ஓட்டும் பந்தயத்தில் ஒருவர் தன் அகந்தையோடு ஏழு நாள் பத்திரமாக இருந்துவிட முடியும். இங்கே அது மூன்றாம் நாளே வாய் திறந்து பேசிவிடும். திருமண உறவிலோ நீண்ட நட்பிலோ உள்ள இருவர் இந்த வகைப் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நிறைய யோசிக்க வேண்டும். யோசித்த பிறகு தேர்ந்தெடுத்தால், எல்லா வகையிலும் உயர்ந்த தேர்வு இதுவே.

துணை என்பது பந்தயத்தில் வருகிறவர் மட்டும் இல்லை. ஏழு நாள் மலைப் பந்தயத்துக்கு மாதக்கணக்கில், வாரம் பத்து மணி நேரம் அளவுக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பத்து மணி நேரம் யாரிடம் இருந்தோ எடுக்கப்படுகிறது. ஞாயிறு காலையில் பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போவது யார்? இந்தியாவில் இருந்து ஐரோப்பா போக விமானம், விசா, நுழைவுக் கட்டணம், தங்கும் செலவு என்று லட்சங்களில் போகிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒருவர் என்றாலும் 41 நாளும் வீடே விரதத்தில் இருக்கும். அடுப்படி முதல் அந்தப் பொறுப்பைச் சுமக்கும். அங்கே வீட்டார் அதைத் தங்களுடைய விரதமாகவும் ஏற்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கு வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் மோரும் சோறும் தருகிறார்கள்; தருவதும் பக்தியில் சேர்கிறது. சைக்கிள் பந்தயத்துக்கு அப்படிப்பட்ட பொது அர்த்தம் இன்னும் இல்லை. ஆகவே வீட்டாரின் சம்மதத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடன் வாங்கியோ மனத்தாங்கலோடோ போகும் ஏழு நாளைவிட, வீட்டாரும் கூட வந்து பார்க்கும் மூன்று நாள் மேலானது.

இந்த இடத்தில் டூர் ஆஃப் நீலகிரிஸ் நினைவுக்கு வர வேண்டும். 2008 டிசம்பரில் தொடங்கிய அது, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநில மலைச்சாலைகளில் சுமார் எட்டு நாள் நடக்கும் பயணம். முழுவதும் பந்தயம் இல்லை. குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிடப்படும். அவற்றில் பேர்போனது, மசினகுடியில் இருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு உதகைக்கு ஏறும் கல்லட்டி. போட்டி போட விரும்புகிறவர் கல்லட்டியில் போடலாம். மற்ற நேரம் எல்லோரும் வழிப்போக்கர்கள். ஆல்ப்ஸின் பெயர்கள் இதற்கு இல்லை. ஆனால் இதன் அமைப்பு, போட்டிக்கு ஓர் எல்லை வைத்து, எஞ்சிய நாளைப் பயணத்துக்குத் தருகிறது. முதல் பலநாள் அனுபவத்தைத் தேடும் தமிழருக்கு இதை விட்டுவிட்டு நேரே ஆல்ப்ஸுக்குப் போகச் சொல்வது சரியான அறிவுரை ஆகாது.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மடோனா தெல் கிசாலோ என்ற சிறு தேவாலயம் இருக்கிறது. 1949இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டிகளின் காவல் அன்னையாக அறிவித்தார். உள்ளே புகழ்பெற்ற வீரர்களின் சைக்கிள்கள் தொங்குகின்றன. 1995 டூர் டி பிரான்ஸில் இறங்கும்போது விழுந்து இறந்த ஃபாபியோ கசார்தெல்லியின் சைக்கிளும் அவற்றில் ஒன்று. வென்றவர்களின் வண்டிகளோடு அதுவும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது.

வெல்லாதவருக்கும் முடிக்காதவருக்கும் பந்தயம் தரும் இடம் பற்றிக் கடைசியாக, விதிப்பக்கத்தில் பலர் படிக்காமல் தாண்டிவிடும் ஒரு பத்தி. கால வரம்புக்குள் வந்து சேராதவருக்கு என்ன ஆகும்? பல பந்தயங்களில், பின்னால் வரும் வேன் அவரை ஏற்றிக்கொள்ளும். ஒட்டுமொத்தத் தரவரிசையில் இருந்து பெயர் போய்விடும். விரும்பினால் மறுநாள் காலை திரும்பக் கிளம்பலாம். இந்த ஏற்பாடு பழையது. 1903இல் நடந்த முதல் டூர் டி பிரான்ஸில் 60 பேர் கிளம்பி 21 பேர் முடித்தார்கள். பாரிஸில் இருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர் நீண்ட முதல் கட்டத்தில் இப்போலித் ஓகூதூரியே வயிற்று வலியால் பாதியில் விலகினார். மொத்தப் பரிசுக்கு இனி வழியில்லை. ஆனால் தனித்தனிக் கட்டங்களில் ஓட்ட விதி அனுமதித்தது. அவர் இரண்டாம் கட்டத்தில் வென்றார், மூன்றாம் கட்டத்திலும் வென்றார்.

வாரக்கடைசி ஓட்டிக்கு அந்த வெற்றி கிடைக்கப் போவதில்லை. இரண்டாம் நாள் வேனில் ஏற நேர்ந்தால், மூன்றாம் நாள் காலையில் அவருக்குத் தரவரிசை இருக்காது, முடித்தவர் பட்டியலில் பெயர் வராது, திரும்பி வந்து சொல்லப் பெரிதாக எதுவும் இருக்காது. முன்னால் அதே மலைச்சாலை இருக்கும், கூட ஓட்ட ஆட்கள் இருப்பார்கள், உடம்பு வலிக்கும். அந்தக் காலையில் ஆறு மணிக்கு எழுந்து சைக்கிளில் காற்றடைப்போமா என்று பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்று சொல்ல முடிந்தவர் ஏழு நாள் பந்தயத்துக்குப் பதிவு செய்யலாம், கால வரம்பு கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லை என்று சொல்கிறவர் இந்த ஆண்டு மூன்று நாள் பந்தயம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் கடிகாரம் ஓடாத ஒரு நாளையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்.